எ பாய் நேம்டு சூ

எ பாய் நேம்டு சூ (பொருள்: சூ என்னும் பெயருடைய பையன்) என்பது அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் பாடி 1969 ஆம் ஆண்டு வெளிவந்த நகைச்சுவைத் தனிப்பாடல் ஆகும். இதை எழுதியவர் செல் சில்வர்ஸ்டீன். சிறைக் கைதிகளின் முன்னிலையில் பதிவு செய்யப்பட்ட இப்பாடலே பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் கேஷின் மிகப் பெரிய வெற்றியாகும்.

கதை

சூ என்பது சூசன் போன்ற பெண்பெயர்களின் சுருக்கம். மகனுக்கு இப்பெயரைச் சூட்டிய தந்தை, அவனுடைய மூன்றாம் வயதில் வீட்டைவிட்டுப் போய்விடுகிறார். செல்லுமிடமெல்லாம் கேலிக்கு ஆளாகி, சண்டையிட்டே வளரும் மகன், தந்தையைக் கொல்வதாகச் சபதம் செய்கிறான். டென்னசி மாநிலத்தின் காட்லின்பர்க் நகரில், மதுக்கடை ஒன்றில் அவரைக் கண்டு மோதுகிறான். தான் உடனிருந்து வளர்க்கப் போவதில்லை என்பதால், மகன் உறுதியானவனாக வளரட்டும் என்றே அப்பெயரை வைத்ததாகத் தந்தை கூறுகிறார். மகன் மனம் மாறித் தந்தையை ஏற்றுக்கொள்கிறான். ஆயினும் தன் மகனுக்கு அப்பெயரை வைக்க மட்டும் அவன் உடன்படுவதில்லை. தந்தையை மன்னித்தாலும் அந்தப் பெயர் தந்த வலியை அவன் மறக்கவில்லை என்பதே இம்முடிவின் நகைச்சுவை.

உருவாக்கம்

சில்வர்ஸ்டீன் கேலிச்சித்திரக்காரர், சிறுவர் நூல்களாலும் புகழ்பெற்றவர். அவருடைய நண்பரும் நகைச்சுவை எழுத்தாளருமான ஜீன் ஷெப்பர்டு, பெண்பெயர் போல ஒலிக்கும் தம் பெயருக்காகச் சிறுவயதில் கேலி செய்யப்பட்டவர். அந்த அனுபவமே பாடலுக்கு வித்தானதாகக் கூறப்படுகிறது.

1969 பிப்ரவரி 24 அன்று கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் நடந்த நிகழ்ச்சியில் கேஷ் இதைப் பாடினார். பாடல் அவருக்கு அப்போது மனப்பாடமாகியிருக்கவில்லை; தாளைப் பார்த்தே பாடினார். இசைக்குழுவினரும் போதிய ஒத்திகையின்றி வாசித்தனர். பெரும்பகுதி பேச்சு நடையில் அமைந்த பாடல் என்பதால் இது குறையாகத் தெரியவில்லை. கைதிகளின் சிரிப்பும் ஆரவாரமும் இசைத்தட்டிலும் அப்படியே இடம்பெற்றன.

வரவேற்பு

தனிப்பாடலாக வெளியானதும் பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் ஐந்து வாரங்கள் முதலிடம் வகித்தது. ஹாட் 100 பட்டியலில் மூன்று வாரங்கள் இரண்டாமிடத்தில் இருந்தது. அப்போது முதலிடத்தில் இருந்தது ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஹாங்கி டாங்க் விமன். பிரித்தானியாவில் நான்காம் இடம் கிடைத்தது.

பாடலில் வரும் வசைச்சொல் ஒன்று, முதலில் வெளியான இசைத்தட்டில் ஒலியால் மறைக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டின் மறுவெளியீட்டில் அச்சொல் மறைக்கப்படவில்லை.

விருதுகள்

1970 இல் வழங்கப்பட்ட கிராமி விருதுகளில், சிறந்த கன்ட்ரி பாடலுக்கான விருது சில்வர்ஸ்டீனுக்கும், சிறந்த கன்ட்ரி ஆண் பாடகருக்கான விருது கேஷுக்கும் கிடைத்தன.

தொடர்ச்சி

பின்னாளில் இதே கதையைத் தந்தையின் கோணத்திலிருந்து சொல்லும் பாடல் ஒன்றையும் சில்வர்ஸ்டீன் எழுதிப் பாடினார்.