மனைவி செத்தால் கணவன் பெண்ணாகும்! வீட்டுத் தொட்டிக்கு வந்த கோமாளி மீன்

சென்னை கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் வண்ணமீன் கடைகளில் ஒரே கூட்டம்தான். பாலிதீன் பையில் தங்கமீன் வாங்கிப் போனது அந்தக் காலம். இப்போது அப்பா கையை இழுத்துக்கொண்டு வரும் வாண்டுகள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்:

"அங்கிள், நீமோ இருக்கா?"

2003-ல் வெளிவந்த கார்ட்டூன் படம் செய்த வேலை இது! ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை. பெயர் கோமாளி மீன். கடல் மீன் என்பதை மறந்துவிட்டு வாங்கிப் போகிறவர்கள், சில நாளிலேயே செத்த மீனோடு கடைக்குத் திரும்பி வந்து சண்டை பிடிப்பதும் உண்டு.

விஷம் வைத்துப் பிடிப்பார்கள்

வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கடலில் பிடித்த மீனா, பண்ணையில் பிறந்த மீனா?

பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் பவளப்பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீச்சி, மீனை மயக்கிப் பிடிக்கும் கொடுமை பல ஆண்டுகளாக நடந்தது. அந்த மீன் தொட்டிக்கு வந்து சில வாரத்தில் செத்து மிதக்கும். பாறையும் பாழ்!

பண்ணை மீனுக்கு இந்த வம்பு இல்லை. 1970-களிலேயே அமெரிக்காவில் புளோரிடாவைச் சேர்ந்த மார்ட்டின் மோ கோமாளி மீனைத் தொட்டியில் பொரிக்க வைத்து விற்பனைக்குக் கொண்டு வந்தார். நம் ஊரும் சளைக்கவில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் இதைச் செய்து காட்டியுள்ளன.

எப்படிக் கண்டுபிடிப்பது? பண்ணை மீன் சிலவற்றுக்கு வெள்ளைப் பட்டை பாதியில் அறுந்திருக்கும். அது நோயல்ல, பிறவிக் குறி. இன்னொரு வழி: "சார், கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். பண்ணையில் வளர்ந்தது குருணைத் தீனியைப் பாய்ந்து தின்னும். ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் மீனை எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

மெரினா தண்ணீர் உதவாது

"கடல்தான் பக்கத்துலயே இருக்கே, ரெண்டு குடம் மொண்டா போச்சு" என்று நினைப்பவர் உண்டு. சாக்கடையும் எண்ணெயும் கலக்கும் கரையோரத் தண்ணீர் மீனுக்கு எமன். கடையில் விற்கும் கடல் உப்பு, லிட்டருக்கு சுமார் 35 கிராம். 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ. சமையல் உப்பு கூடாது. குளோரின் வாடை வீசும் குழாய்த் தண்ணீரும் கூடாது.

தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்குவதுதான் பெரிய தப்பு. மீன் கழிவில் அமோனியா என்ற நஞ்சு உண்டாகும். அதைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா தொட்டியில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை பொறுமை!

தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகாது. உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் தொட்டி ஊறுகாய் ஜாடியாகிவிடும். 25 முதல் 28 டிகிரி சூடு போதும். சென்னை வெயிலுக்குத் தண்ணீர் மேல் காற்று வீசும் விசிறி அவசியம். மின்வெட்டுக்கு பேட்டரி காற்றுக்குழாய் ஒன்றும் இருக்கட்டும்.

ஆண் பெண்ணாகும் விந்தை

கோமாளி மீன் எல்லாம் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரியது மட்டும் பெண், அதுவே அதிகாரி. அது செத்தால் அடுத்த நிலையில் இருக்கும் ஆண், பெண்ணாக மாறிவிடும்! 1977-ல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் இதை விளக்கினார்கள். படத்தில் நீமோவின் அம்மா செத்துப் போகிறாள். இயற்கைப்படி பார்த்தால் அப்பாவே அம்மாவாகியிருக்க வேண்டும். படம் எடுத்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

ஆகவே ஜோடி வேண்டுமானால் இரண்டு சின்னக் குஞ்சாக வாங்க வேண்டும். வளர வளர ஒன்று பெண்ணாகும். இரண்டு பெரிய பெண்களைச் சேர்த்து விட்டால் ஒன்று சாகும்வரை சண்டைதான்.

அது குடியிருக்கும் கடல் சாமந்தி கட்டாயமில்லை. சாமந்திக்குப் பலமான வெளிச்சம் வேண்டும். செத்தால் தண்ணீரையே நாற அடித்துவிடும். மீன் அது இல்லாமலே சுகமாக இருக்கும்.

பவளம் வாங்கினால் சிறை!

தொட்டி அழகுக்கு "பவளப்பாறை ஒண்ணு எடுத்துக்குங்க சார்" என்று யாராவது காதில் கிசுகிசுத்தால் ஓடி வந்துவிடுங்கள். 2001 முதல் பாறைப் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. மாட்டினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை! செயற்கைப் பாறையே போதும்.

நன்றாகக் கவனித்தால் கோமாளி மீன் 20 ஆண்டுகூட வாழும். ஜோடி சேர்ந்துவிட்டால் பாறையைச் சுத்தம் செய்து முட்டை இடும். ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். ஒரு வாரம் போனதும், விளக்கணைத்த இரவில் குஞ்சு வெளிவரும். அந்த நேரம் பிரித்தெடுத்து, கண்ணுக்குத் தெரியாத ரோட்டிபர் தீனி கொடுத்தால் தேறும். தூங்கிவிட்டால், காலையில் வெறும் பாறைதான் இருக்கும்.