பழ ஈயின் முதுமை: மரபணுச் சேதமும் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்களும்

முன்னுரை

விசைத்தறிக்குப் பெயர்பெற்ற சோமனூரும் பின்னலாடை நகரான திருப்பூரும் நொய்யல் படுகையில் அமைந்துள்ளன. சாயக்கழிவால் ஆறு மாசுற்றதை முன்னிட்டு, திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. அஸோ சாயங்களுள் சில சிதையும்போது, பென்சிடின் போன்று மரபணுவைச் சேதப்படுத்தும் அமீன்கள் உருவாகின்றன. மரபணுச் சேதத்தையும் அதற்கும் முதுமைக்கும் உள்ள உறவையும் ஆராயப் பழ ஈ (டிரோசோபிலா மெலனோகாஸ்டர்) பயன்படுகிறது. சேதத்தைத் தடுக்கும் பொருள் ஆயுளையும் நீட்டிக்குமா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சேதம் நிகழும் முறை

முதிர்ந்த பழ ஈ இரண்டு, மூன்று மாதங்களே வாழ்வதால் அதன் முழு வாழ்நாளையும் ஆய்வகத்தில் கணக்கிட இயலும். உயிரணு ஆற்றலை உருவாக்கும்போது தோன்றும் தனி உறுப்புகளின் சேதம் திரண்டு முதுமையாகிறது என்பது 1956இல் டென்ஹாம் ஹார்மன் முன்வைத்த கோட்பாடு. டி.என்.ஏ.விலுள்ள குவானைன் ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால், சைட்டோசினுக்கு மாறாக அடினினோடு இணையக்கூடும். டி.என்.ஏ. இரட்டிப்பாகும்போது அப்பிழை சடுதி மாற்றமாக நிலைபெறுகிறது.

சோதனைகள் காட்டுவன

சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் ஆகிய நொதிகள் உடலின் இயல்பான தடுப்பான்கள். செம்பு-துத்தநாக வகை டிஸ்மியூட்டேஸ் இல்லாத ஈக்களின் ஆயுள் குறைவதை 1989இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இவ்விரு நொதிகளுக்கான மரபணுப் படிகளைக் கூடுதலாகப் பெற்ற ஈக்களின் ஆயுள் மூன்றில் ஒரு பங்கு வரை நீண்டதாக வில்லியம் ஓர், ரஜிந்தர் சோஹல் ஆகியோர் 1994இல் அறிவித்தனர். எனினும், இவ்விருவரும் இடம்பெற்ற குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பாகவே நீண்டநாள் வாழும் ஈ வகைகளில் அப்பயன் புலப்படவில்லை. தடுப்பான் குறைந்தால் ஆயுள் குறைகிறது என்பதனால், அது மிகுந்தால் ஆயுள் மிகும் என்று கொள்ள இயலாது.

ஆய்வாளர் கருத வேண்டியவை

மூலிகைச் சாறு கலந்த உணவை ஈக்கள் குறைவாக உண்ணக்கூடும். உணவுக் குறைப்பே ஆயுளை நீட்டிக்கும் என்பதால், அதன் விளைவைச் சாற்றின் பயனாகக் கருதும் பிழை நேரலாம். எனவே உண்ட அளவு, முட்டை எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிவு செய்வதும், ஒரே மரபுப் பின்னணி கொண்ட ஈக்களை ஒப்பிடுவதும் தேவை. மரபணுச் சேதத்தைத் தனியே அளக்கச் சிறகுப் புள்ளிச் சோதனை உள்ளது. அடையாள மரபணுக்களைக் கொண்ட இளம்புழுவுக்குச் சோதனைப் பொருள் ஊட்டப்பட்டு, முதிர் ஈயின் சிறகில் தோன்றும் மாறுபட்ட மயிர்த்திட்டுகள் எண்ணப்படுகின்றன.

முடிவுரை

ஒரு பொருள் மரபணுச் சேதத்தைக் குறைப்பதும் ஆயுளை நீட்டிப்பதும் இருவேறு முடிவுகள். முன்னதைக் கொண்டு பின்னதை அறிவிக்காமல், இரண்டையும் தனித்தனியே நிறுவுதல் வேண்டும். சாய மாசின் சுமையை அறிந்த சோமனூர், திருப்பூர் வட்டார மக்களிடம் ஒரு மூலிகையைத் தீர்வாகப் பரிந்துரைக்கும் முன் இவ்வேறுபாடு உணரப்பட வேண்டும்.