அழகு சிகிச்சைக்காக மலை இறங்கும் முன்... டாக்டரின் பதிவு எண்ணைப் பார்த்தீங்களா?

கொல்லிமலை செம்மேட்டில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்தாலும், 'ஒரே நாளில் முடி நடலாம்', 'தொப்பையைக் கரைக்கலாம்' என்று விளம்பரம் வந்து நிற்கிறது. அதை நம்பி 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போகிறவர்கள், கிளினிக்கின் போர்டைப் பார்ப்பார்கள், ஆஃபரை விசாரிப்பார்கள். 'நீங்க என்ன படிச்சிருக்கீங்க?' என்று டாக்டரிடம் கேட்க மட்டும் தயங்குவார்கள்.

அந்தத் தயக்கம் ஆபத்தானது. 2016-ல் சென்னையில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த இடம் சலூனுக்கான உரிமத்தில் இயங்கியது பிறகுதான் தெரியவந்தது. மருத்துவம் படித்தவருக்கே இந்த நிலை என்றால், நமக்கு?

யார் தகுதியானவர்?

'யூடியூப் பார்த்தோ, பயிலரங்கில் வேடிக்கை பார்த்தோ கற்றுக்கொள்வது போதுமான பயிற்சி அல்ல' என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் முடி மாற்று சிகிச்சைக்கான வழிகாட்டுதலில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

மூக்கைத் திருத்துவது, கொழுப்பை உறிஞ்சி எடுப்பது போன்ற அறுவை சிகிச்சைகளுக்கு பிளாஸ்டிக் சர்ஜனிடம் போவதே பாதுகாப்பு. எம்.பி.பி.எஸ்., அதன்பின் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை, அதற்கும் மேல் மூன்று ஆண்டுகள் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி என்பது வழக்கமான படிப்பு வரிசை. இதற்கு இணையான டிஆர்.என்.பி. (முன்பு டி.என்.பி.) படிப்பும் உண்டு. சரும சிகிச்சைக்கு எம்.டி. அல்லது டி.என்.பி. தோல் மருத்துவம் படித்தவரைப் பாருங்கள். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்ற பட்டத்தைச் சில வாரச் சான்றிதழ் படிப்பை வைத்தும் போட்டுக்கொள்கிறார்கள். அது கத்தி பிடிக்கும் தகுதி அல்ல.

செல்போனிலேயே பார்க்கலாம்

மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் டாக்டர் தன் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. அந்த எண்ணையோ பெயரையோ தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள மருத்துவர் பதிவேட்டில் தேடுங்கள். பெயரும் தந்தை பெயரும் படிப்பும் வரும். மேற்படிப்பு அதில் இல்லையென்றால், 'கூடுதல் தகுதியைப் பதிவு செஞ்ச சான்றிதழ் இருக்கா டாக்டர்?' என்று கேளுங்கள். நேர்மையானவர் கோபப்பட மாட்டார்.

டாக்டர் சரி, இடம்?

தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்படி பெற்ற பதிவுச் சான்றிதழ் கிளினிக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே மூன்று கேள்விகள்: கத்தி வைக்கப்போவது நீங்களா, உதவியாளரா? மயக்க மருந்து கொடுப்பது யார், கடைசிவரை கூடவே இருப்பாரா? உடல்நிலை மோசமானால் எந்த மருத்துவமனைக்கு மாற்றுவீர்கள்?

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. 'நைட்டு காய்ச்சலோ ரத்தக்கசிவோ வந்தா யாரைக் கூப்பிடணும்?' இருட்டில் மலை இறங்குவது லேசான காரியமில்லை. அதனால் தையல் பிரிக்கும்வரை அடிவாரத்தில் உறவினர் வீட்டில் தங்க முடியுமா என்று முன்கூட்டியே யோசியுங்கள்.

'இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா பாதி விலை' என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். அழகு சிகிச்சையை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. தகுதி இல்லாதவரிடம் உடம்பைக் கொடுத்தால், போனது திரும்பாது.