ஆடியவர் சொல்லும் தீர்ப்பு

கண்டி மாநகரை அடுத்த பல்லேகலயில் 2010ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் முதலாவது டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டம் நடைபெற்றது. அன்று தொட்டு, அம்மைதானத்தில் ஓர் ஆட்டம் முடிந்ததும், புல்மேட்டில் அமர்ந்து பார்த்தவர்கள் பஸ் ஏறும் வரையில் அதைப் பற்றித் தர்க்கம் புரிவது வழக்கமாகிவிட்டது. துடுப்பைக் கையில் எடுத்தறியாதவரும் அங்கே தீர்ப்புக் கூறுவர். அதில் தவறொன்றுமில்லை, ஆட்டம் அவர்கள் கண்ணெதிரே நிகழ்ந்தது அன்றோ?

அதே ஊர் இளைஞர்கள் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஆடும் வீடியோ விளையாட்டின் நிலை வேறு. இங்கே பார்ப்பவரே ஆடுபவர். எந்த வழியில் செல்வது, எதனை எடுப்பது, எப்போது தாமதிப்பது என்பனவெல்லாம் அவர் கையில் இருப்பதால், ஒரே விளையாட்டு இருவருக்கு இரு வேறு அனுபவமாகலாம். ஆகவே இதனை மதிப்பிடும் தகுதி ஆடியவருக்கே உண்டு.

இவ்விளையாட்டுக்களுக்கு விமர்சனம் எழுதும் வழக்கம் நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிப் பத்திரிகை வெளிவந்தது. ஜப்பானில் 1986இல் தோன்றிய ‘ஃபாமிட்சு’ என்னும் பத்திரிகை, நால்வரைத் தனித்தனியே ஆடச் செய்து, ஒவ்வொருவரும் பத்துக்கு இத்தனை என்று அளிக்கும் புள்ளிகளைக் கூட்டி வெளியிட்டது. முழுமையாக நாற்பதையும் முதன்முதலில் பெற்ற விளையாட்டு 1998இல் வந்த ‘செல்டா’ வரிசையைச் சேர்ந்தது. பரீட்சை வினாத்தாள் திருத்திப் பழகியவர்களுக்கு இம்முறை புதிதன்று. அதன் குறையும் புதிதன்று. புள்ளி நினைவில் நிற்கும், காரணம் மறந்துபோகும்.

பிற்காலத்தில் ரசிகர்கள் எல்லோரும் இணையத்தில் தாமே புள்ளியிடத் தொடங்கினர். 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘த லாஸ்ட் ஒஃப் அஸ்’ என்னும் விளையாட்டின் இரண்டாம் பாகம் வெளிவந்தது. ஆடி முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அப்படியிருக்க, வெளிவந்த அன்றே ஆயிரக்கணக்கானோர் பூச்சியம் இட்டனர்! கதை முன்னரே கசிந்திருந்தமையால், ஆடாமலே கோபம் கொண்டவர் அநேகர். விமர்சனங்களைத் தொகுத்தளிக்கும் ‘மெற்றாகிரிட்டிக்’ நிறுவனம் அடுத்த மாதமே விதியை மாற்றியது: வெளிவந்து 36 மணி நேரம் கழியும் வரை ரசிகர்கள் அங்கே எழுத இயலாது. ‘ஸ்டீம்’ என்னும் விற்பனைத் தளமோ, ஒவ்வொரு ரசிகரின் கருத்தின் அருகிலும் அவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதைக் குறித்துக் காட்டுகிறது. பொருள் வாங்குபவருக்கு இந்த ஒரு குறிப்புப் பத்துப் புகழுரையினும் உதவும்.

ஆயினும் மணிக்கணக்கு மட்டும் போதுமா? தமிழர் அறிந்திருக்க வேண்டிய ஓர் உதாரணம் இங்கே உண்டு. கனடாவின் டொரன்றோ நகரில் ‘விசை’ என்னும் சிறு குழுவினர் ஆக்கிய ‘வெண்பா’ 2023ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் வெளிவந்தது. தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தம்பதியர், அவர்தம் மகன் கவின் ஆகியோரின் கதை அது. போர் இல்லை, ஓட்டமும் இல்லை. தாயிடமிருந்து வந்த சமையற் குறிப்புப் புத்தகம் சிதைந்திருக்கிறது. அழிந்துபோன வரிகளை ஊகித்து ஆடுபவர் சமைக்க வேண்டும். இட்டலித் தட்டுக்களை எவ்வாறு அடுக்குவது என்று சிந்திக்கும் சிறு புதிரிலேயே, ஒரு தாயின் அறிவு எவ்வளவு எளிதில் தொலைந்துவிடக் கூடும் என்பது புலப்படுகிறது.

இதற்கு 2024ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் ‘பாஃப்டா’ அமைப்பு முதல் முயற்சிக்கான விருதை வழங்கியது. ரசிகர்கள் பலர் கூறிய குறையோ ஒன்றுதான்: ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்பது. பணம் கொடுத்து வாங்குகிறவர் அவ்வாறு கேட்பது நியாயமே. ‘ஸ்டீம்’ தளத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடிய விளையாட்டைப் பதினான்கு நாட்களுக்குள் திருப்பிப் பணம் பெறலாம் என்னும் விதி உண்டு. இத்தகைய சிறிய படைப்பை முழுவதும் ஆடி முடித்த பின்னரும் அவ்விதி இடங்கொடுக்கும் என்பது, சிறு குழுக்களுக்கு ஏற்படக்கூடிய சங்கடம். நீளத்தை மதிப்பாகக் கொண்டால் சிறுகதை எழுதுவோர் அனைவரும் நாவலாசிரியரிடம் தோற்க வேண்டியதுதான்.

ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இவ்விளையாட்டின் இசையையும் சித்திரங்களையும் நன்கு புகழ்ந்தனர். சமையலறைக்குள் நுழைந்து பேசத் தமிழ் ரசிகரே வேண்டும். இதில் வரும் புட்டு, குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் அடுக்கி அவிப்பது. பல்லேகலயிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள தமிழ் மாணவர் ஒருவர் இதனை ஆடினால், முதலில் ‘பிட்டு’ என்று திருத்துவார். பிறகு, வீட்டில் பாட்டி வைத்திருக்கும் பனையோலை நீத்துப்பெட்டி எங்கே என்று கேட்பார்.