நீர் எழுதிய மண்

நுழையும்முன்

கோடையில் காய்ந்து கிடக்கும் ஒரு நிலத்தைக் கண்டதும், அது எப்போதும் காய்ந்தே இருக்கும் என்று முடிவுசெய்துவிடலாமா? மழைக்காலத்தில் அங்கு எத்தனை வாரம் நீர் நின்றது என்பதை யாரிடம் கேட்டறிவது? மண்ணிடமே கேட்கலாம். நீர் வற்றிய பின்னும் அது இருந்ததற்கான அடையாளத்தை மண் காத்து வைத்திருக்கிறது. அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்துச் சமதளக் காடுகளைச் சான்றாகக் கொண்டு, அவ்வடையாளங்களைப் படித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

சமதளக் காடுகள்

அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தீபகற்பம் புளோரிடா. இதன் பெரும்பகுதி மித வெப்பமண்டலக் காலநிலை உடையது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தீபகற்பப் பகுதியில் அம்மழையின் பாதிக்கும் மேற்பட்ட பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பொழிந்துவிடுகிறது. முற்காலத்தில் கடல் பலமுறை முன்னேறியும் பின்வாங்கியும் விட்டுச்சென்ற மணற்பரப்பே இங்குள்ள நிலம். மேடென்றும் பள்ளமென்றும் பிரித்தறிய இயலாதபடி அது பரந்து கிடக்கிறது.

இந்நிலத்தில் வளர்ந்துள்ள பைன் மரக் காடுகளை அங்குள்ளோர் ‘பிளாட்வுட்ஸ்’ என்பர். தட்டையான நிலத்துக் காடு என்பது அதன் பொருள். மேலே ஓங்கி நிற்பவை நீண்ட ஊசியிலைகளைக் கொண்ட பைன் மரங்கள். கீழே, இரம்பப் பற்கள் போன்ற காம்புகளை உடைய குட்டைப்பனைகளும் கம்பி போன்ற புற்களும் அடர்ந்திருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பரவும் தரைத்தீ புதர்களை எரித்து, இக்காட்டைத் திறந்த காடாகவே வைத்திருக்கிறது. சற்றே தாழ்ந்த இடங்களில் சைப்ரஸ் மரங்கள் சூழ்ந்த குட்டைகள் காணப்படுகின்றன.

மணலில் நீர் நிற்பது ஏன்?

மணல் நீரை விரைவாக உட்கொள்ளும் என்பதை நாம் அறிவோம். அவ்வாறிருக்க, இம்மணல் நிலம் ‘வடிகால் குறைந்த மண்’ என வகைப்படுத்தப்படுவது வியப்பைத் தரலாம். மண்ணுக்குள் நீர் இறங்கும் வேகமும், மண்ணை விட்டு நீர் வெளியேறும் வாய்ப்பும் வேறுவேறானவை. மணலுக்குள் நீர் எளிதில் இறங்கும். ஆனால் சரிவில்லாத நிலத்தில் இறங்கிய நீர் போவதற்கு வழியில்லை. ஆகவே, மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் ஆழத்திற்குள் வந்துவிடுகிறது. ஆண்டில் ஒன்று முதல் நான்கு மாதங்கள் வரை அந்நிலை நீடிக்கிறது. வறண்ட மாதங்களில் அதே நீர்மட்டம் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கமே இம்மண்ணை உருவாக்கும் ஆற்றல்.

மூன்று அடுக்குகள்

இக்காட்டில் ஒரு மீட்டர் ஆழத்திற்குக் குழி தோண்டினால் மூன்று நிற அடுக்குகளைக் காணலாம். மேலே, மட்கு கலந்த கருஞ்சாம்பல் நிற மணல். அதன்கீழ், வெளுத்த சாம்பல் நிற மணல். அதற்கும் கீழே, ஏறத்தாழ 50 முதல் 75 சென்டிமீட்டர் ஆழத்தில், கருமையும் செம்பழுப்பும் கலந்த அடுக்கொன்று திடீரெனத் தொடங்குகிறது.

இவ்வடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டப்பட்டவை அல்ல. உதிர்ந்த ஊசியிலைகளும் தழைகளும் மட்கும்போது கரிம அமிலங்கள் உண்டாகின்றன. மழைநீரில் கரைந்த அவ்வமிலங்கள் மணற்துகள்களின்மீது படிந்திருக்கும் அலுமினியத்தையும் சிறிதளவு இரும்பையும் பற்றிக்கொண்டு கீழே இறங்குகின்றன. பூச்சை இழந்த மேல்மணல் வெளுக்கிறது. ஏறியிறங்கும் நீர்மட்டத்தை ஒட்டிய ஆழத்தில் அப்பொருள்கள் படிந்து கரிய அடுக்காகின்றன. படியாமல் நீரில் கரைந்தே எஞ்சிய கரிமப் பொருள்கள் கலப்பதனால்தான் இப்பகுதியின் ஓடைகள் பல தேயிலை வடிநீரின் நிறத்தில் ஓடுகின்றன.

தெரிந்து தெளிவோம்

இவ்வகை மண்ணுக்கு ‘ஸ்போடோசால்’ என்று பெயர். ‘ஸ்போடோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் மரச்சாம்பலைக் குறிக்கும். வெளுத்த அடுக்கின் நிறத்தால் வந்த பெயர் இது. புளோரிடாவில் 15 இலட்சம் ஏக்கருக்கும் மேல் பரவியுள்ள ‘மயாக்கா’ மண் இவ்வகையைச் சேர்ந்தது. மயாக்கா என்பது ‘பெருநீர்’ எனப் பொருள்படும் தொல்குடிச் சொல் என்பர். 1989ஆம் ஆண்டில் இது அம்மாநிலத்தின் மண்ணாக அறிவிக்கப்பட்டது.

காற்றில்லா வாழ்வு

மண்துகள்களுக்கு இடையே உள்ள வெளிகளில் காற்று இருக்கும். அவ்வெளிகளை நீர் நிரப்பினால், எஞ்சிய ஆக்சிஜனை நுண்ணுயிரிகள் விரைவில் பயன்படுத்தித் தீர்த்துவிடுகின்றன. பின்னர் அவை நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் ஆகியவற்றை ஏறத்தாழ இவ்வரிசையில் நாடுகின்றன. இரும்பு, நீரில் கரையும் வடிவத்திற்கு மாறி அகன்றுவிடுவதால் மண் சாம்பல் நிறம் கொள்கிறது. சல்பேட்டைப் பயன்படுத்தும் கட்டத்தில் அழுகிய முட்டையின் நாற்றம் எழுகிறது. ஈரநில மண்ணை மூக்கும் அறியும் என்பது இதனால்தான்.

காற்றில்லாத மண்ணில் மட்கும் வேகம் குறைகிறது. கரிமப் பொருள் சேர்கிறது. எனினும் இம்மணல் அமிலத்தன்மை மிக்கது, ஊட்டம் குறைந்தது. ஈரம் மிகுந்த இடங்களில் பூச்சிகளைப் பிடித்துண்ணும் சாடிச்செடிகளும் பனிப்பூண்டுகளும் வளர்வது, மண்ணில் கிடைக்காத ஊட்டத்தை வேறு வழியில் பெறுவதற்கே.

அடையாளங்களைப் படித்தல்

இரும்பு மிகுந்த மண்ணில், சாம்பல் நிறத்தின் நடுவே வேர்களை ஒட்டிக் காணப்படும் துருநிறக் கோடுகள் ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும். புளோரிடாவின் மணலில் இரும்பு மிகக் குறைவு. ஆதலால் அங்குக் கரிமப் பொருளின் நிறத்தையே படிக்க வேண்டும். மேற்பரப்பில் கருஞ்சேறு போன்ற மட்கு, மணற்துகள்கள் முழுவதும் கரிமப் பூச்சுப் பெற்ற கரிய மேலடுக்கு, அதன்கீழ்ப் பூச்சு நீங்கி விளிம்பு மங்கிய வெளிர்த்திட்டுகள் ஆகியவை முதன்மையான அடையாளங்கள்.

இங்கு ஒரு நுட்பத்தை உணர வேண்டும். வடிகால் குறைந்த மண் அனைத்தும் ஈரநில மண் ஆகிவிடாது. தாவரங்கள் வளரும் பருவத்தில், மண்ணின் மேற்பகுதி காற்றற்ற நிலையை அடையும் அளவுக்கு நீர் நீண்டிருந்தால் மட்டுமே அது ஈரநில மண் எனப்படும். பைன் காட்டுத் தரைக்கும் அருகிலுள்ள சைப்ரஸ் குட்டைக்கும் இடையே சில அங்குல உயர வேறுபாடே இருக்கலாம். கண்ணுக்குப் புலப்படாத அவ்வெல்லையை மண்ணின் நிறம் காட்டுகிறது.

இது ஏட்டறிவோடு நின்றுவிடுவதன்று. 1972ஆம் ஆண்டின் தூயநீர்ச் சட்டத்தின்கீழ், அமெரிக்காவின் ஈரநிலங்கள் பலவற்றை உரிய இசைவின்றி மண்ணிட்டு நிரப்ப இயலாது. எது ஈரநிலம் என்பதை முடிவுசெய்ய, 1987ஆம் ஆண்டின் கையேடு தாவரம், மண், நீர்நிலை ஆகிய மூன்றையும் ஆராயச் சொல்கிறது. தாவரத்தை ஒரே நாளில் வெட்டிவிடலாம். நீரைக் கால்வாய் வெட்டி வெளியேற்றலாம். மண்ணில் பதிந்த அடையாளமோ அதன் பின்னும் நெடுங்காலம் நிலைக்கும்.

படிக்கத் தவறியதன் விலை

சமதளக் காடுகள் பல, வடிகால்கள் வெட்டப்பட்டு மேய்ச்சல் நிலங்களாகவும் பால்பண்ணைகளாகவும் மாறின. 1980களில் வீசிய கடுங்குளிரால் வடபகுதித் தோட்டங்கள் அழிந்தபின், ஆரஞ்சு பயிரிடுவோரும் தெற்கே இந்நிலங்களை நாடினர். மண்ணை உயர்ந்த வரப்புகளாகக் குவித்து அவற்றின்மேல் மரங்களை நட்டனர்.

நிலத்தில் இடப்படும் உரமும் கால்நடைச் சாணமும் பாஸ்பரசைக் கொண்டுள்ளன. பூச்சை இழந்த வெண்மணல் அதனைப் பிடித்துவைக்க வல்லதன்று. அலுமினியம் நிறைந்த கரிய அடுக்குக்கே அவ்வாற்றல் உண்டு. ஆனால் நீர்மட்டம் உயர்ந்திருக்கும் காலத்தில், நீர் அவ்வடுக்கின் வழியே இறங்காமல் அதன் மேலாகப் பக்கவாட்டில் நகர்ந்து கால்வாயை அடைகிறது. அங்கிருந்து ஓடைகள் வழியாக ஒக்கிச்சோபி ஏரிக்குச் செல்கிறது. ஏறத்தாழ 1,900 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அவ்வேரியில் நச்சுத்தன்மையுடைய பாசிப் பெருக்கம் மீண்டும் மீண்டும் நிகழ்வதற்கு இந்தப் பாஸ்பரஸ் ஒரு முதன்மைக் காரணம். ஏரியின் அடிச்சேற்றிலும் அது பல்லாண்டுகளாகச் சேர்ந்துள்ளமையால், இன்று உரத்தைக் குறைத்தாலும் ஏரி உடனே தெளிந்துவிடாது.

மண்வெட்டி வெட்டிய ஒரு மீட்டர் ஆழக் குழியில் தெரியும் வெண்மணலும் கருமணலும் இச்செய்தியை முன்னரே சொல்லிக்கொண்டிருந்தன. நிலத்தின் பயனை மாற்றுமுன் அதன் மண்ணைப் படிப்பது, நீர் செல்லும் வழியை அறிவதாகும். அவ்வழி முடியும் இடத்தில் வாழும் உயிர்களுக்கு நாம் ஆற்றும் கடமையுமாகும்.