வருத்தம் இல்லாத பிள்ளைக்கு ஏன் சத்திரசிகிச்சை?

“டொக்டர், பிள்ளை நல்லாய்ச் சாப்பிடுறான், ஓடி விளையாடுறான். பிறகேன் குடலை வெட்ட வேணும்?” பரம்பரைப் பொலிப் நோயுள்ள குடும்பங்களில் பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி இது.

எஃப்.ஏ.பி. எனப்படும் இந்நோய் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு உண்டு. ஏ.பி.சி. என்ற மரபணுவில் உள்ள பழுதே காரணம். இம்மரபணு 1991 இல் கண்டறியப்பட்டது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி. பதின்ம வயதில் பெருங்குடலின் உட்சுவரில் சிறு முளைகள் நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் தோன்றும். அப்படியே விட்டால் புற்றுநோய் ஏறக்குறைய நிச்சயம், சராசரியாக நாற்பது வயதளவில்.

ஆகவே 12 வயதளவில் இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்வார்கள். குடும்பத்தில் உள்ள அந்தப் பழுது பிள்ளைக்கு இல்லையென்றால் கவலையை விடலாம். இருந்தால் கமரா மூலம் குடலைப் பார்த்து வந்து, பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ பெருங்குடலை அகற்றுவார்கள். முளைகள் மோசமாக இல்லாவிட்டால் ஏ லெவல் முடிந்த கோடை விடுமுறைவரை பொறுக்கலாம்.

இன்று இது கீஹோல் முறையில் நடக்கிறது. தழும்பு சிறிது, நோவு குறைவு, விரைவில் வீடு திரும்பலாம். ஆனால் துளை சிறிதென்பதால் சத்திரசிகிச்சையும் சிறிதென்று எண்ண வேண்டாம். மலக்குடலை விட்டுவைத்துச் சிறுகுடலை அதனுடன் பொருத்துவது ஒரு வழி. நாளுக்கு மூன்று நான்கு தடவை மலம் போகும். மிஞ்சிய மலக்குடலை ஆயுள் முழுக்கக் கமராவால் பார்க்கவேண்டும். முளைகள் அங்கும் அதிகமென்றால் அதையும் எடுத்து, சிறுகுடலின் நுனியிலேயே ஒரு பை அமைப்பார்கள். லண்டன் சென் மார்க்ஸ் வைத்தியசாலையினர் 1978 இல் வெளியிட்ட முறை இது. பெண் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் கருத்தரிப்பதைச் சற்றுக் கடினமாக்கக்கூடும். முன்கூட்டியே கேளுங்கள், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அதே வைத்தியசாலை 1924 முதல் இக்குடும்பங்களின் வம்சப் பதிவேட்டைப் பேணி வருகிறது. எங்களிடம் என்ன இருக்கிறது? இடம்பெயர்வில் துண்டுகளும் கொப்பிகளும் தொலைந்தன. “வயித்துக்குள்ள கட்டி” என்று முப்பத்தைந்து வயதில் செத்த சித்தப்பாவைப் பற்றி அம்மம்மாவுக்குத்தான் தெரியும். அவவிடம் இப்பவே கேட்டு எழுதிவையுங்கள். கலியாணம் குழம்பிவிடும் என்று இதை மறைக்கும் குடும்பங்களும் உண்டு. மறைப்பதால் மச்சான் மச்சாள்மாரின் பிள்ளைகள் பரிசோதனையில்லாமல் விடப்படுகிறார்கள்.

மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். குடும்பத்தில் இளவயதில் குடற்புற்றுநோய் வந்திருந்தால் உங்கள் ஜீ.பி.யிடம் சொல்லி மரபணு கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். பழுது உறுதியானால், கனடாவிலோ ஊரிலோ உள்ள சகோதரர்கள் தங்கள் வைத்தியரிடம் காட்டவென ஒரு கடிதமும் அங்கே கேட்டு வாங்கலாம்.