கையும் கருத்தும்: ஆர்டுவினோ வகுப்பறை பற்றிய ஒரு நோக்கு

இலத்திரனியலையும் செய்நிரலாக்கத்தையும் ஒருங்கே தொடங்கும் வகுப்புகள் பலவற்றில் மாணவர் முதலிற் கையிலெடுப்பது உள்ளங்கையளவான ஒரு மின்சுற்றுப் பலகையாகும். ஆர்டுவினோ என்பது அதன் பெயர். அதன் நடுவே நுண்கட்டுப்படுத்தி என்னும் சில்லு உள்ளது. செயலகம், நினைவகம், வெளியுலகோடு தொடர்புகொள்ளும் முனைகள் ஆகிய யாவும் ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினியே நுண்கட்டுப்படுத்தி. சலவை இயந்திரம், மின்தூக்கி, மோட்டார் வாகனம் எனப் பல பண்டங்களினுள்ளே இது கண்ணுக்குத் தெரியாமல் இயங்குகின்றது. பண்டத்தினுள் மறைந்துகிடக்கும் இப்பொருளை வெளியே எடுத்து மாணவரின் மேசைமீது வைப்பது, கல்வியியல் நோக்கில் மட்டுமன்றிச் சமூகவியல் நோக்கிலும் கவனத்துக்குரியது. இவ்வகுப்பறையிற் கற்கப்படுவது யாது, அதற்கான கருவி யாருடைய உழைப்பால் உருவாயிற்று என்னும் இரு வினாக்களையும் தனித்தனியே வைத்து நோக்குதல் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முதற்பாடம் பெரும்பாலும், எல்.ஈ.டி. என வழங்கும் ஒளிகாலும் இருவாயி ஒன்றை மின்னச் செய்வதாகும். மாணவர் துளைப்பலகையில் அதனை ஒரு தடையியுடன் தொடராக இணைக்கிறார். தடையி எதற்கு? பலகையின் முனை 5 வோல்ற்று தருகின்றது. சிவப்பு இருவாயி அதில் ஏறத்தாழ 2 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 3 வோல்ற்று 220 ஓம் தடையிக்குக் குறுக்கே அமைய, ஓமின் விதிப்படி ஏறத்தாழ 14 மில்லி அம்பியர் மின்னோட்டம் பாயும். ஆர்டுவினோ ஊனோ என்னும் பலகையிலுள்ள அற்மெகா328பி சில்லின் ஒரு முனைக்கு 40 மில்லி அம்பியரே உச்ச எல்லை. தடையி இல்லாவிடின் மின்னோட்டம் கட்டின்றிப் பெருகி, இருவாயியோ முனையோ பழுதாகலாம். பரீட்சைக்காக மனனஞ் செய்யப்பட்ட விதி இங்கே ஒரு பொருளைக் காக்கும் அறிவாக மாறுகின்றது. பின்னர் செய்நிரல்: முனையை உயர்நிலைக்குக் கொண்டுவா, 1000 மில்லி செக்கன் பொறு, தாழ்நிலைக்குக் கொண்டுவா, மீண்டும் பொறு, முதலிலிருந்து தொடங்கு. நான்கு கட்டளைகள் விளக்கை அணைத்தும் ஏற்றியும் கொண்டிருக்கின்றன.

இதனினும் வளமானது இரண்டாம் பாடம். அதில் மாணவர் ஓர் ஆளியைச் சேர்க்கிறார். செய்நிரலைப் பொறுத்தவரை ஆளிக்கு இரு நிலைகளே உண்டு, அழுத்தப்பட்டது, அழுத்தப்படாதது. ஆனால் ஆளி திறந்திருக்கையில் உள்ளீட்டு முனை எதனோடும் இணைந்திராது மிதக்கின்றது. அருகிலுள்ள மின்கம்பியின் அதிர்வையும் மாணவரின் கைவிரல் நெருக்கத்தையுங்கூட அது ஏற்று, ஒருமுறை ஒன்று எனவும் மறுமுறை பூச்சியம் எனவும் வாசிக்கும். யாரும் தொடாமலே விளக்கு எரிவதைக் கண்டு பேய் பிடித்ததென நகைப்பவரும் உளர். முனையை 5 வோல்ற்றுடன் ஒரு தடையியால் பிணைத்தபின்னரே அது நிலைகொள்ளும். அதன் பின்னரும் ஒரு சிக்கல் எஞ்சும். ஆளியை ஒருமுறை அழுத்த, எண்ணி மூன்று அல்லது நான்கு எனக் காட்டும். மாணவர் செய்நிரலிற் பிழை தேடுவார், பிழை அங்கில்லை. ஆளியினுள்ளே உள்ள உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடுகையிற் சில மில்லி செக்கன்கள் துள்ளுகின்றன. ஒவ்வொரு துள்ளலையும் சில்லு ஓர் அழுத்தமாகக் கொள்கின்றது. தூய தருக்கம் உலோகத்தின் நெகிழ்ச்சியைக் கணக்கிலெடுத்தே ஆகவேண்டியிருக்கின்றது. செய்நிரலிற் சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் வாசிக்கும் வரிகள் சேர்க்கப்படுகின்றன. கருத்துமுதல்வாதத்தை மறுத்து நாம் எழுதும் கட்டுரைகள் பலவற்றினும் இத்துள்ளும் ஆளி தெளிவாகப் பேசுகின்றது என்றே தோன்றுகின்றது.

இனிக் கருவியின் வரலாற்றுக்கு வருவோம். ஆர்டுவினோ 2005ஆம் ஆண்டு இத்தாலியின் வடமேற்கிலுள்ள இவ்ரேயா என்னும் சிறு நகரிற் பிறந்தது. 1908இல் கமில்லோ ஒலிவெற்றி தட்டச்சுப்பொறி ஆலையை நிறுவிய நகர் அது. 1959இல் ஏலேயா 9003 என்னும் கணினியை வெளியிட்ட அந்நிறுவனம், 1964இல் தன் இலத்திரனியற் பிரிவை அமெரிக்காவின் ஜெனரல் இலெக்றிக் கம்பனிக்குக் கைமாற்றியது. ஆலைத் தொழில் தேய்ந்துபோன நகரில், ஒலிவெற்றியும் தெலெகொம் இத்தாலியாவும் 2001இல் ஊடாட்ட வடிவமைப்புக்கான ஓர் உயர்கல்வி நிறுவகத்தைத் தொடங்கின. அங்கு பயின்றோர் பெரும்பாலும் வடிவமைப்பாளர், பொறியியலாளர் அல்லர். அக்காலக் கற்பித்தற் பலகைகள் அவர்களுக்கு விலை கூடியனவாயும் ஆற்றல் குறைந்தனவாயும் இருந்தன.

இக்குறையைத் தீர்க்க முனைந்தவர் ஹெர்னாண்டோ பராகான் என்னும் கொலம்பிய மாணவர். மசிமோ பான்சி, கேசி றீயஸ் ஆகியோரின் மேற்பார்வையில் தமது முதுமாணி ஆய்வாக 2003இல் அவர் தொடங்கிய 'வயரிங்' என்னும் திட்டம், பலகையையும் எளிய கட்டளைத் தொகுதியையும் எழுதுவதற்கான மென்பொருளையும் ஒன்றிணைத்தது. 2005இல் பான்சி உள்ளிட்ட குழுவினர் அதன் மென்பொருளிலிருந்து கிளைபிரித்து, மலிவான அற்மெகா8 சில்லைக்கொண்டு வேறொரு பலகையை உருவாக்கினர். நகரிலிருந்த மதுக்கடை ஒன்றின் பெயரையே அதற்குச் சூட்டினர். பான்சி, குவார்த்தியேஸ், இகோ, மார்த்தினோ, மெலிஸ் என்னும் ஐவர் அதன் நிறுவுநர் எனப் போற்றப்படுகின்றனர். பராகான் அவ்வைவருள் ஒருவரல்லர். 2016இல் அவர் தம் பங்கை விரிவாக எழுதி வெளியிட்டார்.

இலக்கிய ஆய்வாளருக்கு இது புதிய சிக்கலன்று. ஒரு பனுவலின் ஆசிரியர் யார் என்னும் வினாவுக்கு ஏட்டை எழுதியவரையும் படியெடுத்தவரையும் உரைகண்டவரையும் பதிப்பித்தவரையும் பிரித்தறிந்தே விடைகாண முயல்கிறோம். விளக்கை எரிக்கும் அந்த நான்கு கட்டளைகளின் அடியிலும் அத்தகைய படிவுகள் உள. றீயஸும் பென் ஃபிறையும் 2001இல் தொடங்கிய 'புறொசெசிங்' அதன் எழுதுகளத்தைத் தந்தது. உலகெங்குமுள்ள பலர் கூலியின்றியும் கூலிபெற்றும் வளர்த்த கட்டற்ற தொகுப்பி, கட்டளைகளைச் சில்லின் மொழிக்கு மாற்றுகின்றது. சில்லின் அமைப்போ நோர்வேயின் துரொண்ஹைம் நகரில் இரு மாணவர் வகுத்த கட்டமைப்பிலிருந்து வந்தது. வகுப்பறையிற் கேட்கும் ஒற்றைப் பெயர் இத்தனை பேரின் உழைப்பையும் மூடிநிற்கின்றது.

உடைமையுறவும் அப்பெயரைச் சுற்றியே அமைந்தது. நிறுவகம் மூடப்படலாம் என்ற நிலையிற் படைப்பு முடங்கிவிடாதிருக்கவே அதன் வரைபடங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டனர். எவரும் அப்பலகையைச் செய்து விற்கலாம். ஆர்டுவினோ என்னும் பெயரை மட்டும் இடலாகாது. பயன்மதிப்பு பொதுவாக, வணிகக்குறி தனியுடைமையாயிற்று. அக்குறி யாருக்குரியது என நிறுவுநரிடையே மூண்ட வழக்கு 2015இல் வெளிப்பட்டு 2016இல் இணக்கத்துக்கு வந்தது. 2025 ஒக்டோபரிற் குவால்கொம் என்னும் அமெரிக்கச் சில்லு நிறுவனம் ஆர்டுவினோவை வாங்கவிருப்பதாக அறிவித்தது. திறந்த வரைபடம் எனப்படுவதும் சில்லின் வாயிலோடு நின்றுவிடுகின்றது. அதன் உள்ளமைப்பு என்றுமே திறந்திருந்ததில்லை. இதனாற் கட்டற்ற இயக்கம் வெறும் மாயை என்று கூறுவோரோடு நான் உடன்படேன். மலிவான படிகள் எங்கும் கிடைப்பதனாலேயே வசதியற்ற பாடசாலையிலும் இக்கல்வி சாத்தியமாயிற்று.

ஆயினும் மறைப்பு வகுப்பறைக்குள்ளும் நிகழக்கூடும். முனையை உயர்நிலைக்குக் கொண்டுவா என்னும் எளிய கட்டளையின் உள்ளே நிகழ்வது, போட்-பி எனப்படும் பதிவகத்தில் ஐந்தாம் பிற்று ஒன்றாக மாற்றப்படுவதே. 13ஆம் முனை அதனோடு இணைந்துள்ளது. தொடக்கத்தில் இதனை மறைப்பது நியாயம். ஆண்டிறுதி வரை மறைத்தே வைத்து, ஆயத்தப் பெட்டியிலுள்ள துண்டுகளைப் படம் பார்த்துப் பொருத்தச் செய்வது வேறு விடயம். அங்கே மாணவர் பெறுவது ஒன்றுசேர்ப்பு ஆலைத் தொழிலாளிக்கான பயிற்சியே.

1866இல் முதலாம் அகிலத்தின் ஜெனீவா மாநாட்டுக்காக எழுதிய குறிப்புகளில் மாக்ஸ் உளக்கல்வி, உடற்கல்வி, தொழினுட்பக்கல்வி ஆகிய மூன்றையும் இணைத்தார். எல்லா உற்பத்தி முறைகளின் பொதுத் தத்துவங்களையும் அறிவதோடு எளிய கருவிகளைக் கையாளவும் சிறுவர் பயிலவேண்டும் என்பது அவர் கருத்து. இவ்ரேயாவுக்கு அண்மையிலுள்ள துரின் நகரில் அரசியல் வாழ்வைத் தொடங்கிய கிராம்சியும், செய்யும் மனிதனையும் சிந்திக்கும் மனிதனையும் பிரிக்கவியலாது எனச் சிறைக்குறிப்புகளில் வற்புறுத்தினார். இலங்கையில் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கனிட்ட இடைநிலை வகுப்புகளிற் புகுத்தியமை இத்திசையிலான முயற்சியே. 1977இன் ஆட்சிமாற்றத்தின் பின் அது கைவிடப்பட்டது. கைத்தொழிலைச் சாதியோடு பிணைத்து, ஏட்டறிவை அதற்கு மேலே வைத்த நமது சமூக மரபும் அத்தகைய முயற்சிகளுக்குத் துணைநின்றதில்லை. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை தொடங்கப்பட்டபோது தமிழ்மொழிமூல மாணவருக்கும் வாயில் திறந்தது. ஆனால் அது விஞ்ஞானப் பிரிவுக்கு அடுத்தபடி என்னும் எண்ணம் பெற்றோரிடத்தும் ஆசிரியரிடத்தும் இன்னும் நிலவுகின்றது; ஏட்டறிவை உயர்த்தும் பழைய படிவரிசை புதிய பெயரில் தொடர்வதாகவே இதனைக் கொள்ளவேண்டியுள்ளது.

மொழி பற்றியும் ஒரு சொல். கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. அவற்றை மாணவர் ஒருசில நாளிற் பழகிவிடுகின்றனர். இடர் தருவது விளக்கம் எழுதும் பழக்கமின்மையே. செய்நிரலின் எந்த வரிக்கும் அருகே இரு சாய்கோடுகளை இட்டு, அவ்வரி ஏன் அங்குள்ளது எனக் குறிப்பெழுதலாம். தொகுப்பி அதனைப் பொருட்படுத்தாது கடந்துசெல்லும். ஆளி துள்ளும் காரணத்தால் 50 மில்லி செக்கன் பொறுக்கிறோம் என்பதை அவ்விடத்தில் தமிழிலேயே எழுதலாம். புள்ளி வழங்கும்போது ஆசிரியர் அதனையும் கணக்கிலெடுக்கலாம்.